தீபாவளிப் பலகாரம்: கடையில் வாங்குவதா, வீட்டில் சுடுவதா?

பண்டிகை வருகிறது என்றால் வீட்டில் மகிழ்ச்சி வர வேண்டும். இப்போது பல வீடுகளில் மகிழ்ச்சிக்கு முன்னால் கவலை வந்துவிடுகிறது.

யார் யாருக்கு இனிப்புப் பெட்டி கொடுக்க வேண்டும்? எத்தனை பெட்டி? எந்தக் கடையில் வாங்குவது? போன ஆண்டு மைத்துனர் வீட்டில் இருந்து பெரிய பெட்டி வந்ததே, இந்த ஆண்டு சிறிய பெட்டி கொடுத்தால் என்ன நினைப்பார்கள்?

இப்படிக் கணக்குப் போட்டே கணவன்-மனைவிக்குத் தலைவலி வந்துவிடுகிறது. ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கக் கையில் காசு இருப்பது இல்லை.

ஒரு காலத்தில் தீபாவளிப் பரிசு என்றால் தட்டில் 4 முறுக்கு, 2 அதிரசம். அதன் மேல் ஒரு துணி. தெருப் பிள்ளைகள் தட்டுடன் வீடு வீடாக ஓடுவார்கள். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்காது. அந்த வீட்டுப் பலகாரம் இருக்கும்.

இன்று தட்டு போய்ப் பெட்டி வந்துவிட்டது. இதனால் குடும்பத்துக்கு என்ன லாபம்? என்ன நஷ்டம்?

வரி குறைந்தது; செலவு குறைந்ததா?

2025-ம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 20-ந் தேதி வந்தது. அதற்கு 4 வாரம் முன்பு, செப்டம்பர் 22-ந் தேதி, மத்திய அரசு ஜி.எஸ்.டி. வரியை மாற்றியது. நெய்க்கும் வெண்ணெய்க்கும் 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதம் ஆயிற்று. பொட்டலத்தில் அடைத்து விற்கும் மிக்சர், காராசேவு போன்ற கார வகைகளுக்கும் 12-ல் இருந்து 5 ஆயிற்று. சாக்லெட் வரி 18-ல் இருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியது.

இதன் பொருள் என்ன? வரி சேராமல் 1,000 ரூபாய் பெறும் நெய்யை வாங்கினால், முன்பு 1,120 ரூபாய் கொடுக்க வேண்டும். வரி குறைந்த பிறகு 1,050 ரூபாய் கொடுத்தால் போதும். 70 ரூபாய் மிச்சம்.

எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. இந்தியா தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வாங்குகிறது. 2024 செப்டம்பர் மாதம் கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கு மத்திய அரசு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி போட்டது. உள்நாட்டு எண்ணெய் வித்து விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் அந்த ஆண்டு தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி சூடாகும் முன்பே எண்ணெய் விலை சூடாகிவிட்டது! 2025 மே மாத இறுதியில் அந்த வரி 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

ஆக, நெய்க்கு வரி குறைந்தது. எண்ணெய்க்கும் வரி குறைந்தது. வீட்டில் பலகாரம் சுடுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஆனால் பலகாரத்தைப் பெட்டியாக வாங்குகிறவர்களுக்கு? இனிப்புக்கு ஏற்கனவே 5 சதவீத வரிதான். அதில் மாற்றம் இல்லை. பெட்டியின் விலையில் இனிப்பின் விலை மட்டும் இல்லை. அட்டை, பட்டுத் துணி, ஜரிகை நாடா, கடை வாடகை, விளம்பரம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இனிப்பைத் தின்கிறோம். மற்றவற்றைக் குப்பையில் போடுகிறோம்.

கைபேசிக்குள் ஒரு கடைத்தெரு

முன்பு கடைக்குப் போனால்தான் செலவு. இப்போது கடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கைபேசியைத் தொட்டால் போதும். "இன்னும் 2 மட்டுமே பாக்கி", "இன்னும் 10 நிமிடத்தில் சலுகை முடிகிறது" என்று எழுத்து மின்னுகிறது.

மெய்யாகவே 2 தான் பாக்கியா? அது யாருக்குத் தெரியும்! இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவது தவறு என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந் தேதி விதிமுறை வெளியிட்டது. வாங்குகிறவரை ஏமாற்றும் 13 தந்திரங்கள் அதில் பட்டியல் போடப்பட்டு இருக்கின்றன. பொய் அவசரம் அவற்றில் ஒன்று.

அடுத்தது "வட்டி இல்லாத் தவணை". இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

30,000 ரூபாய்க்கு ஒரு டெலிவிஷன் பெட்டி. வட்டி இல்லாமல் மாதத் தவணை என்று சொல்லுகிறார்கள். பாங்கி வட்டி வாங்காமல் கடன் கொடுக்குமா? கொடுக்காது. வட்டி 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 2,000 ரூபாயை விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, பிறகு வட்டியாக வாங்கிக்கொள்கிறார்கள். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அது 360 ரூபாய். தவணையைப் பதிவு செய்யக் கட்டணம் 200 ரூபாய் என்றால், அதற்கும் வரி 36 ரூபாய். மொத்தம் 596 ரூபாய் கூடுதல். "வட்டி இல்லை" என்ற சொல்லுக்கு 596 ரூபாய் விலை!

சுழி வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் பாங்கியே 2013 செப்டம்பரில் பாங்கிகளுக்கு எழுதியது. அதை மறக்கக்கூடாது.

கடன் அட்டையில் வாங்கிவிட்டு முழுப் பணத்தையும் கட்டாமல் விட்டால் இன்னும் மோசம். மாதம் 3 முதல் 3.75 சதவீதம் வரை வட்டி வாங்கும் அட்டைகள் பல உண்டு. 20,000 ரூபாய் பாக்கிக்கு 3.5 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி 700 ரூபாய். அதற்கு வரி 126 ரூபாய். அந்த மாதம் 1,000 ரூபாய் கட்டினால், 826 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். அசலில் குறைவது 174 ரூபாய்தான்.

கடன் அட்டை பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்புக் கூறியது. அந்தத் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட்டு 2024 டிசம்பர் 20-ந் தேதி ரத்து செய்துவிட்டது. ஆகவே வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

சேமிப்பு ஏன் சுருங்கியது?

இந்தியக் குடும்பங்கள் சிக்கனத்துக்குப் பெயர் போனவை. ஆனால் 2022-23-ல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 5 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. பல பத்தாண்டுகளில் அவ்வளவு தாழ்ந்தது இல்லை.

நிகரச் சேமிப்பு என்றால், சேர்த்த பணத்தில் இருந்து வாங்கிய கடனைக் கழித்தால் வரும் மீதி. அந்த ஆண்டு கடன் வேகமாக ஏறியது. வீட்டுக் கடனும் அதில் உண்டு. செலவுக் கடனும் உண்டு. வீட்டுக் கடனுக்கு ஒரு வீடாவது மிஞ்சும். செலவுக் கடனுக்கு ரசீதுதான் மிஞ்சும். ஈடு இல்லாத செலவுக் கடன் பெருகுவதைக் கண்டு, 2023 நவம்பரில் ரிசர்வ் பாங்கி பாங்கிகளுக்குக் கட்டுப்பாட்டை இறுக்கியது.

தீபாவளி போனஸ் என்பது எவ்வளவு? சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அதாவது ஆண்டுச் சம்பளத்தில் 12-ல் ஒரு பங்கு. ஒரு மாதச் சம்பளம். சம்பளம் உயர்ந்தவர்களுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு இருப்பதால் அதுகூட முழுதாகக் கிடைக்காது. கூலி வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோருக்கு போனசே இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை வரும் அந்தப் பணம் ஒரு வாரத்தில் கரைந்து, அதற்கு மேல் 9 மாதத் தவணையும் சேர்ந்தால், அடுத்த தீபாவளி வரை அந்தக் குடும்பம் தலை நிமிர முடியுமா?

சீட்டுப் பணம் பத்திரமா?

ஏழை எளிய குடும்பங்களில் தீபாவளிச் சீட்டுப் பிடிப்பது வழக்கம். மாதம் 500 ரூபாய் கட்டினால், ஆண்டு முடிவில் எண்ணெய், சர்க்கரை, பாத்திரம், பட்டாசு, சில இடங்களில் தங்கக் காசு என்று கொடுப்பார்கள். சிறுகச் சேர்ப்பது நல்ல பழக்கம். ஆனால் சீட்டுப் பிடித்தவர் பண்டிகைக்கு முன் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார் என்ற செய்தி ஆண்டுதோறும் வருகிறது.

சீட்டு நடத்துகிறவர் 1982-ம் ஆண்டு சட்டப்படி பதிவு செய்து இருக்க வேண்டும். பதிவு எண் கேட்பது வெட்கம் இல்லை. அது கட்டுகிறவரின் உரிமை. முறைப்படுத்தப்படாமல் பொதுமக்களிடம் பணம் திரட்டும் திட்டங்களை 2019-ல் வந்த சட்டம் தடை செய்து இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் அதே 500 ரூபாயைப் பாங்கியில் 12 மாதத் தொடர் வைப்பில் போடலாம். பாத்திரம் வராது, பணம் வரும். பாத்திரத்தை விருப்பப்பட்ட கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

வீட்டில் சுட்டால் என்ன செலவு?

முறுக்குக்கு என்ன வேண்டும்? 4 பங்கு பச்சரிசி மாவுக்கு 1 பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு. கொஞ்சம் வெண்ணெய், எள், சீரகம், உப்பு. பொரிக்க எண்ணெய். இவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் ரேஷன் அட்டைக்கு அரிசி இலவசம். சிறப்புப் பொது வினியோகத் திட்டத்தில் 2025-ல் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். சர்க்கரை பெரும்பாலான அட்டைகளுக்குக் கிலோ 25 ரூபாய். இவற்றைக் கொண்டே ஒரு குடும்பம் தன் தீபாவளிப் பலகாரத்தில் பாதியை முடித்துவிடலாம்.

எல்லாப் பலகாரத்தையும் வீட்டில் சுட வேண்டும் என்பது இல்லை. மைசூர்பாகு நெய்யைக் குடிக்கும் பலகாரம். பதம் தவறினால் பாறை ஆகிவிடும். பால் இனிப்புகள் சீக்கிரம் கெட்டுவிடும். அதிரசத்துக்கு வெல்லமும் அரிசி மாவும் போதும். பாகு காய்ச்சி மாவைப் புளிக்க வைத்துவிட்டால் இரண்டு நாள் கழித்தும் சுடலாம். ரவை உருண்டை அரை மணி நேர வேலை. பொரிவிளங்காய் உருண்டை வாரக்கணக்கில் கெடாது. இரண்டு இனிப்பு, ஒரு காரம் போதும். ஆறு வகை செய்து, மூன்றாவது நாள் யாரும் சீண்டாமல் கிடப்பது சிக்கனம் அல்ல.

ஒரு எச்சரிக்கை. மிச்சம் ஆகிறதே என்று காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சக்கூடாது. அப்படிக் கெட்டுப்போகும் எண்ணெய் எந்த அளவுக்கு மேல் போனால் உணவுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் வரம்பு வைத்து இருக்கிறது. வீட்டில் அளந்து பார்க்கக் கருவி கிடையாது. கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டும். பத்து ரூபாய் எண்ணெயை மிச்சப்படுத்தி வைத்தியருக்கு நூறு ரூபாய் கொடுப்பது லாபமா?

கடையில் வாங்குகிறவர்களும் ஒன்றைக் கேட்க வேண்டும். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் "எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும்" என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1-ந் தேதி முதல் விதி.

யார் சுடுவது?

வீட்டில் செய்தால் மலிவு என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அடுப்படியில் நிற்பது யார்?

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைச் சொல்லுகிறது. வீட்டு வேலை செய்யும் பெண் நாள் ஒன்றுக்கு 289 நிமிடம் கூலி இல்லாமல் உழைக்கிறாள். வீட்டு வேலை செய்யும் ஆண் 88 நிமிடம்தான் செய்கிறான். வீட்டு வேலையில் கை வைக்காத ஆண்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை!

ஆகவே வீட்டுப் பலகாரம் மலிவு என்றால், அது தாயின் முதுகு வலியில் வந்த மலிவாக இருக்கக்கூடாது. காலையில் அலுவலகம், மாலையில் அடுப்பு, நள்ளிரவு வரை எண்ணெய்ச் சட்டி என்று ஒருத்தியே வாடினால் அந்த வீட்டில் பண்டிகை இல்லை.

முறுக்குப் பிழிய வலுவான கை வேண்டும். அது அப்பாவின் வேலை. உருண்டை பிடிப்பதைப் பிள்ளைகள் செய்யலாம். எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மட்டும் அவர்கள் வரக்கூடாது. பாட்டி பதம் பார்ப்பார்; தாத்தா எண்ணி டப்பாவில் அடுக்குவார். நாலு பேர் சேர்ந்தால் இரண்டு மணி நேர வேலை. தனியாக என்றால் இரண்டு நாள்.

நேரமே இல்லாத வீடு என்ன செய்யும்? அக்கம் பக்கத்தில் பலகாரம் சுட்டு விற்கும் பெண்கள் இருப்பார்கள். மகளிர் குழுக்களும் செய்கின்றன. விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து இருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தவரிடம் வாங்கினால் பணம் ஜரிகை நாடாவுக்குப் போகாது. உழைத்தவர் கைக்குப் போகும்.

பலகாரம் மட்டும்தான் பரிசா?

வீட்டில் செய்யக்கூடிய பரிசுகள் எத்தனையோ உண்டு. பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் சேர்த்துக் கிளறிய தீபாவளி லேகியம். வேலைக்காக வேறு ஊரில் தனி அறை எடுத்துத் தங்கி இருக்கும் பையனுக்குப் பளபளக்கும் பெட்டியைவிட ஒரு டப்பா பருப்புப் பொடி பெரிய பரிசு. ஒரு மாதம் அவன் வயிறு வாழ்த்தும்.

பழைய பருத்திப் புடவையை வெட்டிப் பைகள் தைக்கலாம். தமிழ்நாட்டில் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை அரசு தொடங்கியது. பலகாரத்தைத் துணிப் பையில் போட்டுக் கொடுத்தால், பலகாரம் தீர்ந்த பிறகும் பை கடைக்குப் போய் வரும். தென் மாவட்டங்களில் கிடைக்கும் பனை ஓலைப் பெட்டியும் அப்படித்தான். ஓலை முடைகிறவருக்கும் அதில் பிழைப்பு உண்டு.

துணி எடுப்பதிலும் இதே கணக்குதான். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைக் காலத்தில் 30 சதவீதம் தள்ளுபடி தருகிறது. ஆளுக்கு மூன்று உடுப்பு வாங்கிக் கடன்படுவதைவிட, ஆளுக்கு ஒரு நல்ல கைத்தறி உடுப்பு வாங்கினால் நெசவாளர் வீட்டிலும் விளக்கு எரியும்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும், தெருக் கூட்டும் தொழிலாளிக்கும், காவலாளிக்கும் மிஞ்சிய முறுக்கைக் கொடுத்துவிட்டு "சிக்கனம்" என்று சொல்லக்கூடாது. அவர்கள் வீட்டிலும் தீபாவளி உண்டு. அவர்களுக்குப் பணமாகக் கொடுப்பதே நல்லது. எதை வாங்குவது என்பது அவர்களுக்குத் தெரியும். பணத்துடன் பலகாரமும் கொடுத்தால் அது அன்பு.

பணம் உள்ள உறவினருக்குப் பெரிய பெட்டி, உழைக்கிறவருக்குச் சிறிய பொட்டலம் என்ற பழக்கம்தான் மாற வேண்டும். உறவினருக்கு வேண்டியது பெட்டி அல்ல. வந்து உட்கார்ந்து பேசும் அரை மணி நேரம்.

தட்டு திரும்பி வரும்

வீட்டுப் பலகாரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வைக்கும். தீபாவளிக்கு முறுக்கு போன வீட்டில் இருந்து ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வரும். கிறிஸ்துமசுக்கு அச்சு முறுக்கு வரும். கன்னியாகுமரிப் பக்கம் என்றால் முந்திரிக்கொத்து வரும். எந்த மதமானாலும் எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான்.

கடைப் பெட்டியைப் பலர் பிரிப்பதே இல்லை. வந்த பெட்டியை அப்படியே இன்னொருவருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது கடைசியில் கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பி வந்தாலும் ஆச்சரியம் இல்லை! வீட்டு முறுக்கை யாரும் அப்படி அனுப்புவது இல்லை. "உங்கள் வீட்டு முறுக்கு இந்த முறை நன்றாக வந்து இருக்கிறது" என்று ஒரு சொல் திரும்பி வருகிறது.

இன்பத்துக்கும் பெரிய செலவு வேண்டியது இல்லை. விடியற்காலையில் நல்லெண்ணெய்க் குளியல். வாசலில் பெரிய கோலம். பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் 2018 முதல் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று இரண்டு மணி நேரம்தான் அனுமதி. மற்ற நேரம் எல்லாம் குடும்பத்துக்கே சொந்தம். கைபேசியை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் பல்லாங்குழி ஆடலாம். தாத்தா தமது தலை தீபாவளிக் கதையைச் சொல்லுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாட்டி வெட்கப்படுவார்.

கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு என்றாலும் அது நிம்மதியான கஞ்சி. கடன் இல்லாத முறுக்கு என்றால் கேட்கவா வேண்டும்!

பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதட்டும். கையில் உள்ள பணம் எவ்வளவு? யாருக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும்? எதை வீட்டில் செய்யலாம்? யார் யார் எந்த வேலையைச் செய்வது? அந்தத் தாளுக்கு வெளியே ஒரு ரூபாயும் போகக்கூடாது.

அப்படிச் செய்தால் தீபாவளிக்கு மறுநாள் காலை, டப்பாவில் நாலு முறுக்கும் பெட்டியில் நாலு காசும் மிச்சம் இருக்கும்.